இன்னும் கொஞ்சம் காற்று

இந்தப் பக்கம் உட்காருங்கள், என் இடது பக்கம். வலது காதில் ஓயாத இரைச்சல். அந்தப் பக்கம் பேசினால் எனக்கு விழாது. பட்டா மாறுதலுக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? கையில் இருக்கும் பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே தெரிகிறது. இந்தத் தாலுகா ஆபீஸுக்குச் சர்வேயர் இன்றைக்கு வர மாட்டார். இருந்தாலும் போய்விடாதீர்கள். எனக்கு உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். என்ன காரியம் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை வரிசையாகக் கேட்டுவிடுங்கள். வரிசை முக்கியம். வரிசை மாறினால் ஐந்தாவது புரியாது.

முதலாவது, என் அப்பாவின் கைநாட்டு. குத்தகை நிலத்தில் உழுதுகொண்டிருந்தவரைப் பண்ணையின் காரியக்காரர் வரப்புக்குக் கூப்பிட்டு, குத்தகைப் பதிவுக்கு என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். அப்பா சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பெருவிரலை வைத்தார். நிலத்தை நானே மனமுவந்து விட்டுவிடுகிறேன் என்று எழுதிய தாள் அது. யாரும் வாசித்துக் காட்டவில்லை. பக்கத்தில் ஒரு சாட்சி இல்லை. அன்றைக்கு ஒருவர் அதைச் சத்தமாக வாசித்திருந்தால் என் வாழ்க்கையே வேறு.

இரண்டாவது, எட்டாம் வகுப்பு. வறுமையால் படிப்பு நின்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் குற்றவாளி தப்பித்துவிடுவான். என் படிப்பை நிறுத்தியது தலைமையாசிரியர். "மாடு மேய்க்கிறவனுக்கு அல்ஜீப்ரா எதுக்குடா, எடத்த அடைக்காத" என்றார். அதற்குப் பிறகு துண்டறிக்கைதான் என் பள்ளிக்கூடம். பேருந்து நிலையத்தில் யார் என்ன நோட்டீஸ் கொடுத்தாலும் வாங்கி, கடைசி வரியில் அச்சகத்தின் பெயர் வரை படிப்பேன். இன்றைக்கு நான் பேசுகிற தமிழ் அதில் வந்தது. குறையிருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாவது, லத்தி. கூலி உயர்வுப் போராட்டத்தில் விழுந்தது. இந்த மணிக்கட்டைப் பாருங்கள், கோணலாகக் கூடியிருக்கிறது. நான்காவது, என் சொந்தச் சங்கம். கொடி கட்டியவன் நான், சுவரெழுதியவன் நான். மாவட்ட மாநாட்டில் என்னை ஜமக்காளம் விரிக்கச் சொன்னார்கள். மேடை ஏறலாமா என்று கேட்டதற்கு மாவட்டச் செயலாளர் சிரித்தார். "தோழர், ஒங்க கையில மைக்கக் குடுத்தா திரும்ப வாங்க யாரால முடியும்?" எல்லோரும் சிரித்தார்கள். லத்தி பரவாயில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் வலிக்கிறது.

ஐந்தாவது, சவரியப்பன்.

சவரியப்பன் யார் என்றால், எங்கள் பக்கம் நாற்சந்தியில் டயர் கடை வைத்திருப்பவன். லாரி டயர், டிராக்டர் டயர், அறுவடை மிஷின் டயர் எல்லாம் அவன் கைக்குத்தான் போக வேண்டும். பெரிய டயரைக் கழற்றி மாட்ட சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. இதற்குப் பெயர் என்ன? ஏகபோகம். என் துண்டறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். அவன் ஒரு பழைய ஷெட்டில் ஒற்றை உதவியாளோடு வேலை செய்கிறான், அது வேறு விஷயம். ஏகபோகம் ஷெட்டிலும் இருக்கலாம்.

மாநாட்டுக்குப் பிறகு நான் எங்கள் ஊரில் தனியாக ஒரு சங்கம் கண்டேன். உழைப்போர் கூட்டுச் சங்கம். நிலமில்லாதவர்களும் துண்டுக் குத்தகைக்காரர்களும் சேர்ந்து ஒரு பழைய டிராக்டர் வாங்கினோம். மறுநாளே அதற்குச் சிவப்பு பெயின்ட் அடித்தேன். ஓட்டுநர் வைரக்கண்ணு. நல்ல பையன் என்று சொல்வேன், நாற்பதைத் தாண்டிவிட்டான். எதிர்த்துப் பேச மாட்டான். அவன் மனைவி தையல்நாயகி அதற்கும் சேர்த்துப் பேசுவாள்.

எங்கள் ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தெரியுமா? சின்னப் பிள்ளைகள்கூட தோழர் என்றுதான் சொல்லும். வாக்காளர் பட்டியலில் பார்த்தால்தான் என் பெயர் எனக்கே ஞாபகம் வருகிறது.

குறுவை அறுப்பும் தாளடி உழவும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுகிற சமயம். வாய்க்கால் மதகில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பி எங்கள் டிராக்டரின் பின் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. பின் டயர் என்றால் என் மார்பு உயரம். சவரியப்பன் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெரியபண்ணையின் அறுவடை மிஷின் டயரை வேனில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சவரியப்பன் எங்கள் டயரைத் தாண்டிக்கொண்டு போய் அதைத் தொட்டான்.

"சவரி, மொதல்ல வந்தது யாரு?" என்றேன்.

"நீங்கதான் தோழரே. இல்லைங்கல. மிஷினு வயல்ல நடுச்சேத்துல நிக்குது. கதிரு சாஞ்சு கெடக்கு, மேற்கால பாருங்க, எப்புடி இருட்டிட்டு வருதுன்னு. இத அனுப்பிட்டு ஒங்களதுதான். ஓரமா உருட்டி வைங்க."

ஓரமாக உருட்டி வை! கேட்டீர்களா அந்த வார்த்தையை? எங்களைத் தலைமுறை தலைமுறையாக ஓரமாக உருட்டி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் அவன் வாய் தன்னை அறியாமல் சொன்னது. வைரக்கண்ணு என் காதோடு, "தோழரே, அந்த வயல அடச்சாரக் குத்தகைக்கு எடுத்துருக்கறது நம்ம கீழத்தெரு ஆளுவதான். நம்ம நெல்லுதான் சாஞ்சு கெடக்கு" என்றான். இருக்கலாம். நெல் நம்முடையது, மிஷின் யாருடையது? கொள்கை என்று வந்தபிறகு அதில் நெல்லைப் பார்க்கக் கூடாது.

"டயரைத் தூக்கு" என்றேன். அங்கேயே முழக்கம் போட்டு, ஊர்வலமாக அந்த டயரை உருட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். பாலத்து இறக்கத்தில் அது கையை விட்டு ஓடி வாய்க்காலில் இறங்கிவிட்டது. பாதி ஊர் தண்ணீரில் இறங்கித்தான் மேலே ஏற்ற முடிந்தது. தையல்நாயகி கரையில் நின்றுகொண்டு, "டயருக்குப் புத்தி இருக்கு, கடைக்கே திரும்பிப் போவணும்னு குதிக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அன்றைக்கு எடுத்த முடிவுதான். நம் டயரை நாமே பார்த்துக்கொள்வோம். அடிமைப்பட்டவனின் முதல் வேலை என்ன? பிறர் கையில் இருக்கும் தொழிலைத் தன் கைக்கு எடுப்பது. டவுனில் மூடிப்போன ஒரு லாரிப் பட்டறையிலிருந்து கம்ப்ரசர் வாங்கினோம். காற்று அளவு காட்டுகிற மீட்டரின் கண்ணாடி உடைந்து முள் நின்றுபோயிருந்தது. மற்றபடி நல்ல கம்ப்ரசர். டயரை நெம்புகிற நீளப் பட்டைகள், சம்மட்டி, ஒட்டுப்போடுகிற ரப்பரும் பசையும் அடங்கிய பெட்டி, எல்லாம் வந்தது.

பெட்டியோடு ஒரு தாள் வந்தது. செய்முறை. தமிழில்தான் இருந்தது, ஆனால் என்ன தமிழ்! 'பயனர் டயரின் பின்புறத்தை உறுதிப்படுத்தும்.' யாருக்குப் புரியும்? சரி, நான் எதற்கு இருக்கிறேன் என்று உட்கார்ந்து, அதை நல்ல தமிழில் துண்டறிக்கையாக எழுதினேன். 'நம் சக்கரம் நம் கையில்' என்று தலைப்பு. காற்றை முழுக்க வெளியேற்று, விளிம்பைச் சம்மட்டியால் இறக்கு, பட்டையைச் செருகி நெம்பு, டியூபை உருவு, கிழிசலைச் சுரண்டித் தூய்மைப்படுத்து, ஒட்டு வை, விளிம்புக்குச் சோப்புத் தண்ணீர் தடவு, மாட்டு, காற்றடி. வரி வரியாகக் கவிதை மாதிரி வரும். பக்கத்து ஊர்களிலிருந்து வந்து கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஒரு மாற்றம் செய்தேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்தக் கம்பெனித் தாளில் பாதி இடத்தை எச்சரிக்கைகள் அடைத்துக்கொண்டிருந்தன. எதிரில் நிற்காதே. இதற்கு மேல் காற்று அடிக்காதே. விளிம்பு உட்காராவிட்டால் தொடராதே. அளவு பார்க்காமல் செய்யாதே. முழுக்க முழுக்கத் தொழிலாளியைச் 'செய்யாதே செய்யாதே' என்று மிரட்டியே பழகியவன் மொழி. அதை அப்படியே அச்சடித்தால் எவன் டயரைத் தொடுவான்? எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரே வரி போட்டேன்: 'தயங்காதே தோழா, உன் கைக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை.' அந்த வரியைப் படித்துவிட்டு வைரக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்குப் படிக்கத் தெரியும். ஐந்தாவது வரை.

முதலில் டிராக்டர் பின்னால் இழுக்கிற டிப்பரின் டயர் ஒன்றை எடுத்தோம். சின்னது. ஒட்டுப் போட்டு, மாட்டி, காற்றடித்து, வண்டி ஓடியது! அன்றைக்கு ஊரே தெருவில் நின்றது. வைரக்கண்ணு அந்த டயரைத் தடவிக்கொண்டே இருந்தான். "தோழரே, நானே போட்டேன் தோழரே" என்று எத்தனை தடவை சொன்னான். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் அடிக்கடி பார்க்கிறேன். கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருகிறது. இப்போதிருக்கும் முகம் வருவதில்லை.

அதற்குப் பிறகு பின் டயர். அதைச் சும்மா முடிக்கக் கூடாது, பொதுக்கூட்டமாக வைத்து முடிக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். களத்தில் டிப்பரை நிறுத்தி மேடையாக்கினோம். கொடி, ஒலிபெருக்கி, எல்லாம். மக்கள் கண் முன்னால் டயருக்குக் காற்று ஏறும், சக்கரம் டிராக்டரில் ஏறும், டிராக்டர் வயலில் இறங்கும். திட்டம் அப்படி. மேடையில் நான். ஜமக்காளம் விரிக்கச் சொன்ன மாவட்டச் செயலாளர் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அழைப்பும் அனுப்பியிருந்தேன். வரவில்லை.

டயரை ரிம்மோடு கட்டைகள் மேல் படுக்க வைத்திருந்தார்கள். வைரக்கண்ணு குனிந்து குழாயை மாட்டினான். கம்ப்ரசர் ஓடியது. டயர் உப்பியது. கீழ்ப்பக்க விளிம்பு டப்பென்று ரிம்மில் போய் உட்கார்ந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். மேல்பக்கம் மட்டும் ஓரிடத்தில் உட்காராமல் உள்வாங்கி நின்றது. வைரக்கண்ணு சம்மட்டியால் சுற்றிச் சுற்றித் தட்டினான். உட்காரவில்லை.

தையல்நாயகி கூட்டத்திலிருந்து கத்தினாள். "இந்தா, அதுதான் ஒக்கார மாட்டேங்குதுல்ல? வுட்டுட்டு வாய்யா. சவரியண்ணன்ட்ட தூக்கிட்டுப் போனா ஒரு நிமிசம்."

வைரக்கண்ணு என்னைப் பார்த்தான். நான் மைக்கில், "தாய்மார்களுக்குப் பயம் இருப்பது இயற்கை. பயத்தின் மறுபெயர்தான் அடிமைத்தனம்" என்றேன். சரியாகத்தானே சொன்னேன்?

அப்போது வந்தான் சவரியப்பன். டி.வி.எஸ். வண்டியில், கிரீஸ் கையோடு. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை விட்டு இறங்காமலே சத்தம் போட்டான்.

"தோழரே, காத்த நிறுத்துங்க! மீட்டர்ல அளவு பாத்தீங்களா? விளிம்பு ஒக்காரலைன்னா மேல அடிக்கக் கூடாது. காத்த இறக்கிட்டு, சோப்புத் தண்ணி போட்டு மறுபடி பாருங்க. வைரம், நீ குனிஞ்சு நிக்காத, தள்ளிப் போ. வெடிச்சா ஆளத் தூக்கிரும்!"

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் வழக்கே இதில்தான் நிற்கிறது. வெடிக்கும் என்று அவன் முன்கூட்டியே சொன்னான். நூறு பேர் கேட்டார்கள். இன்னும் வெடிக்காத ஒரு டயர் வெடிக்கும் என்று ஒருவனுக்கு எப்படித் தெரியும்? அந்த டயர் அவன் கடையில் கொஞ்ச நேரம் கிடந்திருக்கிறது. நாங்கள் டீ குடிக்கப் போயிருக்கிறோம். யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். ராத்திரி பகலாக அதைத்தான் யோசிக்கிறேன். வேறு எதை யோசிக்க ஆரம்பித்தாலும் மனம் நிலைகொள்ளவில்லை, இதற்கே திரும்ப வந்துவிடுகிறது.

அன்றைக்கு அது சதி என்று தெரியவில்லை, மிரட்டல் என்று மட்டும் நினைத்தேன். மைக்கில் சொன்னேன். "கேட்டீர்களா தோழர்களே? தொழில் கையை விட்டுப் போகிறது என்றதும் கடைக்காரர் கதறுகிறார்! அளவு பார்க்க மீட்டர் வேண்டுமாம். உழைப்பவன் கைக்குத் தெரியாத அழுத்தமா?" கூட்டம் சிரித்தது. வைரக்கண்ணுவும் சிரித்தான் என்று நினைக்கிறேன். சவரியப்பன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வரப் பார்த்தான். நம் தோழர்கள் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் காற்று" என்றேன். கம்ப்ரசர் பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கூட்டத்துக்கு அப்படி ஒரு குரல் வரும், நீங்கள் மேடையில் நின்றிருந்தால் தெரியும், உடம்பெல்லாம் புல்லரிக்கும். அந்த நேரத்தில் வைரக்கண்ணு நிமிர்ந்து எங்களைப் பார்த்து வலது கையை உயர்த்தினான். வணக்கம் சொன்னான். "பாருங்கள், தோழர் வைரக்கண்ணு உங்களுக்கு வணக்கம் சொல்கிறார், கை தட்டுங்கள்" என்றேன். தட்டினார்கள்.

அந்தக் கைதான் போயிற்று. அந்த வலது கை.

சத்தம் எனக்குக் கேட்டதாகவே நினைவில்லை. டிப்பரில் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது. மைக் கையில் இருந்தது. எல்லோர் வாயும் திறந்திருந்தது, ஒரு சத்தமும் இல்லை. காது அன்றைக்குப் போனது. ரிம் ஓரிடத்தில் கிடந்தது, சம்மட்டி எங்கேயோ கிடந்தது. தையல்நாயகி ஓடுவது தெரிந்தது. சவரியப்பன் அவனைப் பிடித்திருந்தவர்களைத் தள்ளிவிட்டு, சட்டையைக் கழற்றிக் கட்டி, வைரக்கண்ணுவைத் தூக்கி யாருடைய வேனிலோ ஏற்றினான். தஞ்சாவூர் வரை அவன் மடியில்தான் தலை. ஊரார் முன் நல்ல பெயர் எடுக்க வேண்டும் அல்லவா? குற்றவாளிதான் முதலில் ஓடி வந்து உதவுவான். இதையும் துண்டறிக்கையில் எழுதினேன். இரண்டாவது துண்டறிக்கை அது. 'சதி!' என்று தலைப்பு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகவில்லை என்று சிலர் சொல்கிறார்கள், அது பொய். கொஞ்சம் தாமதமாகப் போனேன், சுவரொட்டி வேலை இருந்தது. வைரக்கண்ணுவுக்குத் தாடையிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். பேச முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். தாசில்தார் ஆபீஸிலிருந்து வாக்குமூலம் எழுத வருவார்கள். அதற்குள் கட்டு அவிழ்த்துவிடுவார்கள். நீ என்ன சொல்ல வேண்டும்? டயர் சவரியப்பன் கடையில் கிடந்தது. அவன் வெடிக்கும் என்று மிரட்டினான். வெடித்தது. அவ்வளவுதான். அவன் கடை சீல் வைக்கப்படும். உன் கைக்கு அது பதில். சரிதானே? என்றேன். தலையை ஆட்டினான். கட்டுக்குள் அது எந்தப் பக்கம் ஆடியது என்று மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பல வருஷப் பழக்கம்.

தையல்நாயகி கஞ்சித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். "தோழரே, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "அன்னைக்கு மைக்க ஒரு நிமிசம் கீழ வச்சீங்களா?"

"என்ன கேள்வி இது?" என்றேன்.

"இல்ல. கீழ வச்சிருந்தீங்கன்னா நான் கூப்புட்டது இந்த மனுசனுக்குக் கேட்டுருக்கும். அதான் கேட்டேன்."

துக்கத்தில் பெண்கள் எதையாவது சொல்வார்கள். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பார்த்தீர்களா, அவள் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். மனதில் வைத்துக்கொண்டிருந்தால் சொல்வேனா?

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சவரியப்பனைக் கைது செய், கடையை மூடு, இல்லையென்றால் நாற்சந்தியில் சாலை மறியல் என்று அறிவித்தேன். உடனே தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். பெண் தாசில்தார், மரியாதையாகப் பேசுகிறார், ஆனால் மரியாதைக்கு நான் மயங்குகிறவன் இல்லை. நான் ஒரே நிபந்தனை போட்டேன். ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிய வைரக்கண்ணுவின் வாக்குமூலத்தை மூடிய கவரில் வைத்துக்கொண்டு பேசக் கூடாது. சாட்சிகள் முன்னால் வாசிக்க வேண்டும். எங்கள் தரப்பில் ஒருவர், சவரியப்பன் தரப்பில் ஒருவர், இரண்டு பக்கமும் சேராத பொது ஆள் ஒருவர். என் அப்பாவுக்குக் கிடைக்காதது வைரக்கண்ணுவுக்குக் கிடைக்க வேண்டும். இதை நான் எங்கேயும் விட்டுக்கொடுத்ததில்லை. பஞ்சாயத்துத் தீர்மானமானாலும் ரேஷன் கடை அறிவிப்பானாலும் எங்கள் ஊரில் சத்தமாக வாசித்துத்தான் கையெழுத்து. அது நான் கொண்டுவந்த வழக்கம்.

அந்தப் பொது ஆள் நீங்கள்தான். வெளியூர், யாரையும் தெரியாது, முகத்தில் நிதானம் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், நின்று கேட்டால் போதும். கடைசியில் 'என் முன்னால் வாசிக்கப்பட்டது' என்று ஒரு கையெழுத்து. மாட்டேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் பட்டாவுக்கும் நான் பேசுகிறேன்.

அதோ பியூன் கையைக் காட்டுகிறார். எழுந்திருங்கள். பையை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே வைத்தால் போய்விடும். அந்த ஓரமாக நிற்கிறானே, சலவைச் சட்டையில், அவன்தான் சவரியப்பன். பாருங்கள், கண்ணைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. தையல்நாயகியும் வந்திருக்கிறாள். எனக்கு ஆதரவாகத்தான் வந்திருப்பாள். வாருங்கள், என் இடது பக்கம் நில்லுங்கள்.

வணக்கம் அம்மா. இவர்தான் பொது ஆள். இல்லை, இன்றைக்குத்தான் பழக்கம்.

தாசில்தார் என்ன சொல்கிறார்?

"தோழர், வாக்குமூலத்த நான் படிச்சுட்டேன். இத மொதல்ல நீங்களும் நானும் தனியா ஒரு தடவ பாத்துக்கலாமே. அப்புறம் மத்தவங்கள வச்சு பேசிக்கலாம்."

பார்த்தீர்களா நண்பரே, தனியாகவாம். இந்தத் 'தனியாக'வைத்தான் வாழ்நாள் முழுக்க எதிர்த்தேன். முடியாது அம்மா. இங்கேயே, இவர்கள் முன்னால், முழுதாக, சத்தமாக.

"பேரெல்லாம் வருது. பேரோட வாசிக்கணுமா?"

பெயரோடுதான் அம்மா. அவர் இவர் என்று வாசித்துவிட்டுப் பிறகு யார் என்று தெரியவில்லை என்பீர்கள். பெயர், தகப்பன் பெயர் இரண்டும் வர வேண்டும்.

"சரி. நீங்க சொல்றதால வாசிக்கிறேன். 'நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து டிராக்டர் ஓட்டி ஜீவனம் செய்து வருகிறேன். சம்பவத்தன்று சங்கத்து டிராக்டரின் பின் டயருக்கு நாங்களே ஒட்டுப் போட்டு மாட்டினோம். டயர் அதற்கு முன்பு சவரியப்பன் கடையில் இருந்தது.'"

இதைத்தான் சொன்னேன்! கவனியுங்கள், கடையில் இருந்தது என்று வந்துவிட்டது.

"'கடையில் இருந்தபோது நான் டயரின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கப் போகவில்லை. யாரும் அதைத் தொடவில்லை.'"

அவன் போகவில்லையா? சரி. மேலே வாசியுங்கள்.

"'காற்று ஏறியபோது மேல் விளிம்பு உட்காரவில்லை. சவரியப்பன் வந்து நிறுத்தச் சொன்னார். எனக்கும் பயமாக இருந்தது. இதற்காக எழுதிக்கொடுத்த நோட்டீஸில் அப்படி நின்றால் என்ன செய்வது என்று போட்டிருக்கவில்லை. தயங்காதே என்று போட்டிருந்தது. காற்றை நிறுத்தும்படி நான் வலது கையை உயர்த்திக் காட்டினேன்.'"

இல்லை அம்மா. அது வணக்கம். கூட்டத்துக்கு வணக்கம் சொன்னான். நூறு பேர் பார்த்தார்கள், கை தட்டினார்களே. தையல்நாயகி, நீயே சொல், அது வணக்கம்தானே? நீங்கள் ஏன் நண்பரே என்னைப் பார்க்கிறீர்கள்? அங்கே பாருங்கள், வாசிக்கிறவரைப் பாருங்கள்.

"தோழர், ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? இத்தோட நிறுத்திக்கவா?"

நிறுத்தக் கூடாது. யாரும் நடுவில் நிறுத்தக் கூடாது. முழுதாக வாசித்தால்தான் சாட்சி கையெழுத்துப் போட முடியும். நான் நின்றுகொண்டே கேட்கிறேன்.

"'கம்ப்ரசர் ஆள் என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்தப் போனார். மைக்கில் இன்னும் கொஞ்சம் என்று சொன்னதால் நிறுத்தவில்லை. சவரியப்பன் பேரில் எனக்குப் புகார் இல்லை. மைக்கில் பேசியவர் எங்களுக்கு நல்லது செய்ய நினைத்தவர்தான். அவர் மேல் கேஸ் போட வேண்டாம். யார் என்று கேட்டதால் சொல்கிறேன். இன்னும் காற்று அடிக்கச் சொன்னது...'"

ஏன் நிறுத்திவிட்டார்? வாசித்துவிட்டாரா? உதடு அசைந்ததே. இந்தப் பாழாய்ப்போன காது. அம்மா, எனக்கு விழவில்லை. சாட்சிகளுக்கும் விழுந்திருக்காது. எழுந்து நின்று, சத்தமாக, வெளி வராந்தாவில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள். தகப்பன் பெயரோடு.

"'இன்னும் காற்று அடிக்கச் சொன்னது, அஞ்சான் மகன் உத்திராபதி.'"